ஒரே கை எண்ணிய மூட்டுகள்

அத்தையின் வலது கட்டைவிரல் நகம்தான் அவளுடைய அளவுகோல். மூட்டை அழுத்தும்போது நகத்தின் நுனி வெளுக்கும்வரைதான் அழுத்த வேண்டும். அதற்கு மேல் போனால் யாருக்கும் வலிக்கும். மூட்டுவாத மருந்துகளைச் சோதிக்கும் ஆஸ்பத்திரியில், நோயாளிகளின் வீங்கிய மூட்டுகளையும் வலிக்கும் மூட்டுகளையும் எண்ணுவது பிசியோதெரபிஸ்டான அவளுடைய வேலை. சாப்பாட்டு மேசையில் யார் கை நீட்டினாலும் அழுத்திப் பார்த்துவிடுவாள். "உன்கிட்ட உப்பு கேட்கவே பயமா இருக்கு" என்பாள் அம்மா.

நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வீடு திரும்பிய வாரம், அத்தை வந்த வேகத்தில் கைப்பையைச் சோபாவில் வீசினாள்.

"என்ன, யாரைக் கடிச்சுட்டு வந்த?" என்றாள் அம்மா.

"உங்க டாக்டரைத்தான் அண்ணி. இன்னும் கடிக்கல."

வராந்தாவில் மாட்டப்போகும் போஸ்டரைச் செல்போனில் காட்டினாள். வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தூண்கள். புது மாத்திரையில் நூற்றுக்கு அறுபது பேர் தேறினார்கள். பழைய ஊசியில் நாற்பது. கீழே அத்தையின் பெயரோடு, 'இரண்டு சோதனைகளிலும் மூட்டுகளை எண்ணியவர் ஒருவரே.' அம்மா போட்டுக்கொள்வது அந்த ஊசிதான். அதை நிறுத்தி எல்லோரையும் மாத்திரைக்கு மாற்றுவது டாக்டரின் திட்டம்.

"எண்ணினது நான்தான். ஆனா ஆளுங்க வேற! மாத்திரைக்கு வந்தவங்க, வலி இப்பதான் ஆரம்பிச்சவங்க. அங்க மருந்தே இல்லாத வெத்து மாத்திரை முழுங்கினவங்களே நூத்துக்கு நாப்பது பேர் தேறிட்டாங்க. ஊசிக்கு வந்தவங்க உங்களை மாதிரி, வேற எந்த மருந்தும் கேட்காம வந்தவங்க. வெத்து ஊசியில தேறினது பத்தே பேர்."

"அப்போ ஊசிதான் ஒசத்தியா?"

"கழிச்சுப் பார்த்தா மாத்திரை இருபது பேரைத் தூக்குது, ஊசி முப்பது பேரை. அதுவும் முடிவு இல்ல. ரெண்டையும் ஒரே மாதிரி ஆளுங்களுக்குக் கொடுத்து யாரும் பார்க்கலையே! தெரியாதுன்னு எழுதுங்கன்னா சிரிக்கிறார். 'எனக்கு மட்டும் புரியாதாம்மா? தூண் பார்க்க நல்லா இருக்கு'ங்கிறார்!"

மறுநாள் போய்ச் சண்டை போட்டாள். போஸ்டரிலிருந்து அவள் பெயர் மட்டும் போனது. தூண்கள் அப்படியே நின்றன. தெரிந்தே செய்துவிட்டு அந்த மனிதர் துளிக்கூடக் கூசவில்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அம்மாவின் முறை வந்தபோது மூவருமாகப் போனோம். டாக்டர் முகம் பார்க்காமலே மாத்திரையை எழுதத் தொடங்கினார். அம்மா மேசைமேல் கையை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி முஷ்டியாக்கினாள்.

"போன வருஷம் இந்தக் கையால ஒரு டம்ளர் பிடிக்க முடியாது டாக்டர். கேட்கிற மருந்தை ஏன் பிடுங்குறீங்க?"

அவர் அத்தையைப் பார்த்தார். எழுதியதை அடித்துவிட்டு ஊசி என்று எழுதினார். "உங்க அண்ணிக்காக மாத்திட்டேன். போதுமா?"

"போதாது சார். வெளியே பெஞ்சுல உட்கார்ந்திருக்கவங்க யாருக்கு அண்ணி?"

அவர் மணியை அழுத்தினார். வீங்கிய விரல்களோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். அவர் பேனாவை எடுப்பதற்குள் அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்கம்மா. இதுக்கு முன்னாடி என்னென்ன மருந்து சாப்பிட்டீங்க?"