வால்தெமாரை விட்டுவிட்டுப் பாடிய பாட்டு

"பதினெட்டு வருஷமா கத்துறானுங்க. ஒரு வரி, ஒரே ஒரு வரி என் காதுல ஏறியிருந்தா இந்தக் காதை நானே அறுத்து நாய்க்குப் போடுறேன்!"

மொண்டேவிடியோ நகரத்தில், எங்கள் தெரு முடிதிருத்துநர் வால்தெமார் எச்செவெரி, கையில் சவரக்கத்தியுடன் செய்த பிரகடனம் இது. அப்போது அவர் கத்திக்கு அடியில் இருந்தது என் கழுத்து என்பதால் நான் ஆட்சேபிக்கவில்லை.

அந்தக் கத்தல் எங்களுடையது. அவர் கடைக்கு எதிரேதான் எங்கள் மூர்கா கோஷ்டியின் ஒத்திகைக் கூடம். திருவிழாவுக்கு முகத்தில் சாயம் பூசி, ஜனாதிபதி முதல் ரொட்டிக்கடைக்காரர் வரை எல்லாரையும் கேலி செய்து பாடுவது எங்கள் தர்மம். வால்தெமாருக்கும் வருடாவருடம் இடமுண்டு. அவரும் வருடாவருடம் நகராட்சிக்குப் புகார் எழுதுவார். ஊர் இப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

போன குளிர்காலத்தில் அவருக்குப் பக்கவாதம். வலது கையும் பேச்சும் போயின. மிஞ்சியது ஒரே சொல்.

"கிழவா, மாத்தே குடிக்கிறியா?" என்பாள் மனைவி நெலிதா.

"இல்ல" என்று சொல்லிக்கொண்டே இடது கையை நீட்டுவார்.

பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண் படம் காட்டி, "இது என்ன, பூனையா?" என்று மூன்று மாதம் கேட்டாள். பூனையும் இல்ல, நாற்காலியும் இல்ல. "என் பேரையாவது ஒரு தடவ சொல்லித் தொலைக்க மாட்டானா" என்று நெலிதா கடைக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பாட்டு எழுதுபவன் நான். என் பெருந்தன்மையில் அந்த வருடம் வால்தெமாரின் அடிகளை வெட்டினேன்.

முதல் ஒத்திகை. ரொட்டிக்கடைக்காரரை முடித்து, நேராகப் பஸ் டிரைவருக்குத் தாவினோம். தெருவில் கைத்தடி ஓசை. வாசலில் வால்தெமார்.

"இல்ல! இல்ல! இல்ல!"

மேளக்காரன் தட்டுவதை நிறுத்தினான். "சத்தம் ஜாஸ்தியா, வால்தெமார் ஐயா?"

"இல்ல!"

பின்னாலேயே செருப்பு மாறிப் போட்டு ஓடிவந்தாள் நெலிதா. "சத்தமில்லடா மடப்பசங்களா! சன்னல்ல காத்துக்கிட்டு ஒக்காந்திருந்தான். பாட்டுல இவன் வர்ற எடம் எங்க?"

"உடம்பு சரியில்லாதவரைக் கேலி பண்ணக் கூடாதேன்னு..." என்றேன்.

"செத்தவனத்தான் மூர்கா சும்மா விடும். இவன் செத்துட்டானா?"

வெட்டிய அடிகள் இருந்த தாள் எங்கள் கையில் இல்லை. மேளக்காரன் சும்மா அந்த இடத்துத் தாளத்தை மட்டும் தட்டினான். அப்போது வாசலிலிருந்து மெல்லிய, கரகரத்த குரல் ஒன்று வந்தது:

"கத்தி மொண்ணை, நாக்கு கூர்மை வால்தெமாரு கடையிலே,
காது ரெண்டும் புண்ணாச்சு முடி வெட்டுற இடையிலே!"

ஒரு சொல் பிசகவில்லை. நெலிதா கதவைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் கைதட்டத் தயாரானோம், அவர் நிறுத்தவில்லை. எப்போதோ ஒரே ஒரு வருடம் மட்டும் பாடிவிட்டு, எழுதிய நானே மறந்துபோன அடிக்கு நிதானமாகப் போனார்:

"மேளம் கேட்டா புகார் எழுதப் பேனா தேடி ஓடுவார்,
பாதி எழுதி முடிக்குமுன்னே தாளம் போட்டு ஆடுவார்..."

இடது கை விரல்கள் கைத்தடியில் தட்டிக்கொண்டிருந்தன.