டிக்கியில் பயணம் செய்யும் எட்மண்ட்

"இன்னும் நல்லா பள்ளத்துல வுடுங்க டீச்சர்!" என்று டிக்கிக்குள்ளிருந்து கத்தினார் எட்மண்ட். டிக்கிக் கதவு அண்ணாந்து திறந்திருந்தது. ஐம்பத்திரண்டு வயது மனிதர், முட்டி இரண்டையும் மடக்கி, பாட்டின் அடி ஓசையைத் தரும் ஊஃபர் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, முடிச்சூர் சாலையில் பின்பக்கம் பார்த்தபடி போய்க்கொண்டிருந்தார். பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் சிரித்ததற்கு ஒரு சலாமும் வைத்தார்.

காரில் பாட்டு விட்டு விட்டு வருகிறது என்று யார் கடைக்கு வந்தாலும் அவர் வைத்தியம் இப்படித்தான் தொடங்கும். மீட்டர், டெஸ்டர் எல்லாம் அப்புறம்தான். "நிக்கிற வண்டி யோக்கியமா பாடும் சார். ஓட சொல்லதான் குட்டு வெளிய வரும்" என்பார். சட்டைப் பையில் எந்நேரமும் திருகாணிகள் கிடக்கும். மனைவி பிளஸ்ஸி துவைக்கும் முன் காந்தத்தை வைத்துத் துழாவிய பிறகுதான் சட்டையைத் தண்ணீரில் போடுவார். எட்மண்டிடம் ஊஃபரைப் பற்றிக் கேட்டால் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுவார். "அதுக்கு வயிறு பெருசு. அரை வயித்துக்குக் கரண்டு போட்டா மயக்கம் போட்டு வுழும்." கடைசியில் ஒரு பெருமையும் கட்டாயம் உண்டு. "நம்ம செஞ்ச வேலை திரும்பி வராது சார்." மேற்குத் தாம்பரத்தில் இதைக் கேட்டுக் காது புளிக்காதவர்கள் குறைவு.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் பொத்தேரியிலிருந்து கல்லூரிப் பையன்கள் ஒரே வண்டியில் ஏழு பேராக வந்து இறங்குவார்கள். "அண்ணா, கண்ணாடி அதிரணும்!" எட்மண்டும் அதிரவைத்து அனுப்புவார். எதிர்க்கடை டீ கிளாஸ்கள் சேர்ந்து ஆடும். என்ன காலம் அது! அதே பையன்கள் இப்போது பின் சீட்டில் குழந்தையோடு வந்து, "கொஞ்சம் கம்மி பண்ணுங்கண்ணா, பாப்பா முழிச்சிக்குது" என்கிறார்கள். அவருக்கு அதிலும் ஒரு சந்தோஷம்தான். எந்தப் பையன் எந்தப் பாட்டுக்கு ஆடினான் என்று அவன் மனைவியிடமே சொல்லி மாட்டிவிடுவார்.

அன்று காரை ஓட்டியவர் ஞானஜோதி டீச்சர். பக்கத்து சீட்டில் அவர் கணவர் தனசிங். மறைமலை நகரில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஸ்டோர் பார்த்தவர். சர்ச் பாடகர் குழுவில் முப்பது வருஷம் பேஸ் என்னும் அடிக்குரல். எட்மண்ட் அதே குழுவில் டெனர் என்னும் மேல்குரல். டிசம்பர் இரவுகளில் வாடகை வேனில் வீடு வீடாகப் போய்ப் பாடியதை எட்மண்டே ஒரு வருஷம் பதிவு செய்து, பிறகு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். இரண்டு வருஷத்துக்கு முன் தனசிங்குக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. அதிலிருந்து தினமும் சாயங்காலம் டீச்சர் அவரைச் சிங்கப்பெருமாள் கோவில் வரை கூட்டிப்போய் வருகிறார். வழியெல்லாம் அந்தப் பதிவுதான் ஓடும்.

"பத்து நாளா ஊஃபர் அப்பப்ப நின்னுடுது எட்மண்ட்" என்று வந்ததும் டீச்சர் சொல்லியிருந்தார். "கதவு ஸ்பீக்கர்ல மத்தவங்க குரல் எல்லாம் வருது. இவர் குரல் மட்டும் போயிடுது. உடனே டேஷ்போர்டைத் தட்டுறார். நேத்து அழுதுட்டார்ப்பா. அந்த ஒரு மணி நேரம்தான் அவருக்கு மிச்சம்."

பெரிய பள்ளம் ஒன்றில் வண்டி இறங்கியதும் எட்மண்டின் கைக்குக் கீழே பெட்டி செத்துப்போனது. முன்னால் டேஷ்போர்டில் படபடவென்று தட்டும் சத்தம். "நிறுத்துங்க டீச்சர்!"

ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்த்தார். அதற்கடியில், வண்டியின் தகட்டில் முறுக்கியிருந்த எர்த் ஒயரின் போல்ட்டு துருவேறித் தளர்ந்து கிடந்தது. ஒயர் உட்கார்ந்திருந்த இடத்தில் பெயிண்ட் அப்படியே இருந்தது. 

பெயிண்டைச் சுரண்டி, வெறும் தகட்டில்தான் எர்த் கொடுக்க வேண்டும்; பெயிண்ட் கரண்டை விடாது. தொழிலில் முதல் பாடம் அது. ஆனால் பன்னிரண்டு வருஷத்துக்கு முன், வண்டி எடுத்த மறுநாள் ஊஃபர் மாட்டும்போது, தனசிங் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "டேய் எட்மண்டு, புது வண்டிடா. ஒரு கீறல் வுழுந்துச்சு, நீ செத்த" என்றார். அண்ணன் மனசு நோகக்கூடாதென்று பெயிண்ட் மேலேயே முறுக்கிவிட்டார் எட்மண்ட். போல்ட்டின் மரை கொடுத்த தொடர்பில் இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது.

"என்னப்பா, பழசாயிடுச்சா?" என்றார் டீச்சர்.

ஆமாம் என்றால் முடிந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை. 

"இல்ல டீச்சர். தப்பு என்னுது. சுரண்டாம போட்டுட்டேன். என் வேலைதான் திரும்பி வந்துகீது."

உப்புத்தாளை எடுத்துக்கொண்டு முன் ஜன்னலுக்குப் போனார். "அண்ணே, பெயிண்டைச் சுரண்டணும். கீறல் வுழும். வேற வழி இல்ல. இன்னா சொல்ற?"

தனசிங் உப்புத்தாளையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கண்ணை மூடித் தலையை ஆட்டினார்.

ஒரு ரூபாய் நாணய அகலத்துக்குத் தகடு பளபளத்தது. துருப்பிடித்ததைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுப் போல்ட்டை முறுக்கினார். அதே பள்ளத்தில் டீச்சர் மூன்று தரம் வண்டியை இறக்கி ஏற்றினார். குரல் ஒரு தடவையும் அறுபடவில்லை. கடை வாசலில் நிறுத்தியும் பாட்டை அணைக்கவில்லை. எட்மண்ட் இறங்கி ஜன்னலருகே வந்து நின்றார்.

பேஸ் மட்டும் தனியாகப் பாடும் இடம் வந்தது. சீட்டெல்லாம் அதிர, தனசிங்கின் பழைய குரல் இறங்கி இறங்கிப் போனது. அடுத்து டெனர் சேர வேண்டும். தனசிங்கின் இடது கை மடியிலிருந்து மெல்ல மேலே எழுந்தது. ஒரு கணம் காற்றில் நின்றது. பிறகு விரல் எட்மண்டின் பக்கம் நீண்டது.

எட்மண்ட் உப்புத்தாளைக் கீழே போட்டுவிட்டு, சட்டையின் மேல் பொத்தானை மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து நின்று பாடத் தொடங்கினார்.