நாம, நாங்க

இலங்கை மலைநாட்டில், கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புகளுக்கும் நான் ஒருவனே வாத்தியார். பகலெல்லாம் கத்திவிட்டு, வாரத்தில் மூன்று மாலை, தோட்டத்தின் உதவி மேலாளரான சின்னத்துரையின் பங்களாவுக்கு ஏறுவேன். இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்தவர். தமிழ்ப் பரீட்சையில் தேறினால்தான் அவருக்கு வேலை நிலைக்கும். சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ஒரு நாள் புத்தகத்தைப் பார்த்தபடி, "நாம், நாங்கள். என்ன வித்தியாசம்?" என்று கேட்டார். எனக்குக் கண் சொருகிக்கொண்டிருந்தது. "ரெண்டும் ஒன்னுதான், தொரை" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் விடியற்காலை, வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடியிருந்தார்கள். துரை கங்காணியை விலக்கிவிட்டுத் தாமே பேசினார்.

"இன்னைக்கு நாங்க எட்டாம் நம்பர் மலைக்குப் போறோம்."

ஒருவரும் அசையவில்லை. முன்னால் நின்ற கொழுந்தெடுக்கும் அக்கா ஒருத்தி, "நல்லதுங்க தொரை, போயிட்டு வாங்க" என்றாள். களமே சிரித்தது. கங்காணி அதட்டிய பிறகுதான் கூட்டம் நகர்ந்தது. களத்தை ஒட்டிய என் வீட்டு வாசலில் நான் நின்றிருந்தேன். துரை சிவந்த முகத்தோடு என்னைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். அந்த அக்கா அட்டை கடித்த காலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

"தொரை சொன்னதுல என்னக்கா தப்பு?"

"நீங்களா கேக்கிறீங்க, வாத்தியாரய்யா? நாமன்னா எதிர்ல நிக்கிறவங்களும் சேத்தி. நாங்கன்னா அவங்க இல்ல."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"இதப் போயி யாராச்சும் சொல்லிக் குடுப்பாங்களா?"

அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. நான் இலக்கணச் சூத்திரங்களை உருப்போட்டுத் தேறியவன். ஆனால் வீட்டில் பேசும்போது ஒரு தடவைகூட மாற்றிச் சொன்னதில்லை. கேட்டபோது மட்டும் தெரியாமல் போயிற்று.

துரையிடம் தப்பை ஒப்புக்கொண்டு திருத்தினேன். அடுத்த நாள் பெரட்டில் அவர் நிதானமாக, "இன்னைக்கு நாம ஒன்பதாம் நம்பர் மலைக்குப் போறோம்" என்றார். ஆட்கள் மழையில் ஏறத் தொடங்கினார்கள். அவர் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பி ஆபீசுக்குப் போனார்.

சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அக்கா என்னைக் கண்டு நின்றாள். ஈரக் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"சரியாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்க, வாத்தியாரய்யா. நாமன்னு சொன்னாரு. நாங்கதான் போனோம்."

அவள் சிரிக்கவில்லை. அதைத் துரையிடம் சொல்லிவிட வேண்டும் என்று எண்ணிக்கொண்டே பங்களாவுக்கு ஏறினேன். அவர் அடுத்த பாடத்தைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். அதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. வேற்றுமை உருபுகளை ஆரம்பித்தேன்.