முட்டுக் கொடுத்த பித்தளை

என் மருமகள் வீட்டிலிருந்தே பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் படம் போட்டுக் கொடுக்கிறாள். அதற்கு முன் பட்டாசு ஆலையில் வெடிமருந்து அறையில் வேலை பார்த்தாள். அந்த வாசம் ஒத்துக்கொள்ளாமல் மூச்சு இழுத்தது. கம்ப்யூட்டர் படித்து வெளியே வந்தாள். மறுபடி அவள் அங்கே போகக் கூடாது என்பதுதான் என் வேண்டுதல். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு அப்படிப் பேசிப் பழக்கமில்லை.

இந்த சீசனில் ஒரு புதுக் கம்பெனி முதல் ஆர்டர் கொடுத்திருந்தது. திங்கட்கிழமை காலையில் லேபிள் சிவகாசி அச்சகத்துக்குப் போய்விட வேண்டும். போகாவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்கு. அந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. உள்ளே இருக்கும் மதர்போர்டு போய்விட்டதாம். விருதுநகர்க் கடையில் புதுசு வாங்கினார்கள். மாட்டித் தர நாளாகும் என்று கடையில் சொன்னதால், ஞாயிற்றுக்கிழமை மகனே உட்கார்ந்து மாட்டினான். அவன் பட்டாசு ஆலையில் போர்மேன்.

மருமகள் சுவிட்சை அமுக்கினாள். உள்ளே இருந்த காற்றாடி ஒரு துள்ளு துள்ளி நின்றது. மறுபடி அமுக்கினாலும் அதே துள்ளுதான்.

"என்னங்க, வயரெல்லாம் சரியாச் சொருகுனீகளா?"

"அம்புட்டையும் சொருகிட்டேன். நீயே பாரு."

பார்த்தாள். மெமரியைக் கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினாள். அசையவில்லை. கதவோரம் நின்ற எனக்கு மனசு கேட்கவில்லை.

"ஏத்தா, நீ போட்ட படமெல்லாம் போயிருச்சா?"

"படம் பத்திரமா இருக்கும் அத்தை. இது எந்திரிச்சாத்தானே எடுக்க முடியும்?"

கடைக்காரருக்குப் போன் போட்டாள். போர்டை வெளியே எடுத்து, ஓர் அட்டைமேல் வைத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னாராம். நான் பழைய காலண்டர் அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அதன்மேல் வைத்ததும் காற்றாடி நிற்காமல் சுற்றியது. திரையில் எழுத்து வந்தது. எனக்குப் பாதி உயிர் வந்தது. திரும்பக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் மாட்டினால் பழையபடி துள்ளல்.

"அப்ப போர்டு நல்லாத்தான் இருக்கு. கோளாறு பெட்டிக்குள்ள" என்று டார்ச்சை அடித்துப் பார்த்தாள். பெட்டியின் அடியில் சின்னச் சின்னப் பித்தளைக் கால்கள். போர்டு அதன்மேல் உட்கார, ஓட்டை வழியாகத் திருகாணி இறங்க வேண்டும். நடுவில் இருந்த ஒரு காலுக்கு மட்டும் போர்டில் ஓட்டையே இல்லை.

"இதை இங்கன வச்சது யாரு?"

"நான்தான். புது போர்டு சின்னதுல்ல, நடுவுல அந்தரத்துல நின்னுச்சு. முட்டுக் குடுத்தேன்."

"போர்டு முதுகு பூரா ஈயப் பத்து வச்சிருக்கு. அதுல போய் இந்தக் கால் இடிச்சு ஷார்ட் ஆகுதே!"

"பித்தளைதானே, என்ன செஞ்சிரும்?"

ஆலையில் இரும்புச் சாமானைத் தொட விடமாட்டார்கள். உரசினால் பொறி பறக்கும். கரண்டி, சுத்தியல் எல்லாம் பித்தளைதான். பித்தளை என்றால் ஆபத்தில்லை என்று அவனுக்கு ஊறிப்போயிருந்தது.

"போர்மேன் ஐயா, பித்தளையில பொறி வராது. கரண்டு வரும்!" என்றாள் மருமகள். அவன் தலையைச் சொறிந்தான்.

அந்தக் காலைக் கழற்றிவிட்டு போர்டை மாட்டினாள். காற்றாடி சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. "உள்ள வாங்க அத்தை, வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். திரையில் லேபிள் மயில் தோகை விரித்து நின்றது. "நல்லாருக்கு தாயி" என்றேன். பொழுது சாய்வதற்குள் அச்சகத்துக்கு அனுப்பிவிட்டாள். வந்து சேர்ந்தது என்று பதிலும் வந்தது.

மகன் அந்தப் பித்தளைக் காலை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தான். "இதை ஆலைக்கே கொண்டு போயிர்றேன்."

"கொண்டு போங்க. அது அங்கன இருக்கட்டும், நான் இங்கனயே இருந்துக்கிறேன்" என்றாள்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ரெண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.