வாளி, எலுமிச்சை, குடை

என் அக்காவுக்குப் புத்தி தடுமாறிப்போனதை நான் மறைத்தேன். அதை மறைப்பதற்காக ஒரு தெருவையே பொய் சொல்ல விட்டேன். அந்தப் பொய்யால் எங்கள் காஜா பேராங் பேட்டைக்கு வரவிருந்த ஒரு நல்ல காரியம் வராமலே போயிற்று... ஒரு பெண் செத்தும் போனாள்.

போதுமா? இதற்கு மேல் நீங்கள் படிக்காவிட்டாலும் பாதகமில்லை. எழுத உட்கார்ந்தபோது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. விரல் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போம் அல்லவா, அப்படித்தான் என்னையே கிள்ளிப் பார்த்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் அப்போது மலாக்கா அரசாங்க ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். புண்ணைக் கழுவி மருந்து கட்டும் வேலை. மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரே பரபரத்துக்கொண்டிருந்த சமயம். எனக்கோ என் வீட்டுக் கவலை. மகள் சரோஜாவுக்குப் பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பையன் நல்லவன். பெண் கொடுக்கும் வீட்டில் 'மண்டை சரியில்லாத' ஆள் ஒருத்தர் இருக்கிறார் என்று தெரிந்தால் என்ன ஆகும்? நானே கேள்வி, நானே பதில். யாரையும் கேட்கவில்லை.

அக்காவின் பெயர் தாயம்மா. புருஷன் போன பிறகு என்னோடு வந்துவிட்டவள். காலையில் இடியாப்பம் பிழிந்து தெருவுக்கே விற்பாள். அவள் வாய்க்கு இந்தப் பக்கத்தில் எல்லோரும் பயந்தார்கள். "என்னடா டிரஸ்ஸரு, ஆஸ்பத்திரி மருந்த வீட்டுக்குக் கொண்டாந்து நாறடிக்கிற?" என்று என்னையே வாசலில் நிறுத்தி வைப்பாள். அப்படிப்பட்டவள், உப்புப் போட மறந்தாள். பிறகு உப்பை மூன்று தரம் போட்டாள். ஒரு நாள் அடுப்பை எரியவிட்டுவிட்டுத் தெருமுனைவரை போய், வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றாள். கையைப் பிடித்து அழைத்து வந்தேன். "நீ எந்த ஊருப்பா?" என்று வழியெல்லாம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

நான் ஆஸ்பத்திரிக்காரன். எனக்குத் தெரியாதா? தெரிந்தது. அன்றே தெரிந்தது!

அந்த நேரத்தில்தான் டாக்டரம்மா வந்தார். சீனப் பெண்மணி. இளவயது, மெல்லிய குரல், சுத்தமான மலாய். பொதுப்பணத்தில் ஒரு திட்டம் தொடங்கப் போகிறார்கள் என்றும், தமிழ் வீடுகளில் மொழிபெயர்க்க நான் கூட வர வேண்டும் என்றும் சொன்னார். வயதானவர்களுக்கு வரும் மறதியைப் பற்றிய ஆராய்ச்சி அது. ஆனால் கண்ணாடிக் குழாயில் வைத்துப் பார்க்கும் ஆராய்ச்சியில்லை. ஒரு வீட்டை எடுத்து, மறதி வந்தவர்களைப் பகலில் அங்கே வைத்துக்கொள்வார்கள். அவரவர் கை பழகிய வேலையை அவரவருக்குக் கொடுப்பார்கள். பூத் தொடுத்தவளுக்குப் பூ, மாவு பிசைந்தவளுக்கு மாவு. பூட்டி வைக்காமல் இவர்களைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கண்டுபிடிக்க வேண்டும். முடிந்தால் நாடு முழுவதற்கும்.

அதற்கு ஒரு நிபந்தனை. எந்தப் பேட்டையில் தேவை அதிகமோ அங்கேதான் பணம் வரும். முதலில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும். காஜா பேராங்கில் அப்படிப்பட்டவர்கள் போதுமான பேர் இல்லையென்றால் திட்டம் வேறு ஊருக்குப் போய்விடும். கோயிலுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த பலகை வீட்டை டாக்டரம்மா பார்த்துக்கூட வைத்துவிட்டார்.

அந்த வீட்டைப் பார்த்து அவரைவிட அதிகம் மகிழ்ந்தவர் ஒருவர் உண்டு. என் வீட்டுக்கு அடுத்த வீட்டுக் கோவிந்த பிள்ளை. மலாக்கா செட்டி வம்சம். பெயர் தமிழ், கும்பிடும் சாமி நம் மாரியம்மன், பேச்சு மட்டும் மலாய். அவர் வாயில் புழங்கிய தமிழ்ச் சொற்களில் ஒன்று 'தம்பி'. என்னை அப்படித்தான் கூப்பிடுவார். ஆற்றோரத்தில் ஒரு கிடங்குக்குக் காவலாக இருந்தார். அவர் மனைவி மீனாட்சி அவரையே மறந்துவிட்டிருந்தாள். ஆனால் கல் உரலை முன்னால் வைத்து மிளகாயும் பெலாச்சான் என்ற இறால் விழுதும் கொடுத்துவிட்டால் போதும், சம்பால் துவையல் இடிக்கும் கை மட்டும் தப்பாது. கோவிந்த பிள்ளை எதையும் மறைக்கவில்லை. யார் கேட்டாலும் சொன்னார்.

யாரும் கேட்காமலே அவர் அந்தக் காலி வீட்டைப் பெருக்கினார். முற்றத்துப் புல்லை வெட்டினார். ஒரு நாள் மனைவியின் கல் உரலைத் தூக்கிக்கொண்டுபோய் அந்த வீட்டு ஜன்னலோரம் வைத்துவிட்டு வந்தார். வேர்த்து விறுவிறுத்து என்னைப் பார்த்துச் சிரித்தார். "சுடா சியாப், தம்பி!" என்றார். எல்லாம் தயார் என்று அர்த்தம்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? அக்காவுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்!

கேள்விகளைத் தமிழாக்கியவன் நான்தானே. இன்று என்ன கிழமை? இது எந்த ஊர்? நாட்டை ஆள்பவர் யார்? பிறகு மூன்று பொருள்களின் பெயரைச் சொல்வார்கள். கொஞ்சம் வேறு பேச்சுப் பேசிவிட்டு அந்த மூன்றையும் திரும்பக் கேட்பார்கள். வாளி, எலுமிச்சை, குடை. எல்லா வீட்டிலும் அதே மூன்றுதான்.

ஆஸ்பத்திரி விட்டு வந்ததும் அக்காவை அடுப்படியில் உட்கார வைப்பேன்.

"சொல்லுக்கா. வாளி..."

"வாளி எங்கடா? கெணத்தடியிலதான கெடந்துச்சு?"

"வாளிய எடுக்கச் சொல்லலக்கா. சும்மா சொல்லு. வாளி, எலுமிச்சை, குடை."

"மழயே இல்ல, இவனுக்குக் கொட வேணுமாம்!"

இப்போது எழுதும்போது சிரிப்பு வர வேண்டிய இடம் இது. அன்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது. சம்பந்தி வீட்டாரின் முகம் கண்ணுக்குள் நின்றது. என்ன சொன்னால் இவள் மண்டையில் ஏறும் என்று யோசித்தேன். யோசித்து... கண்டுபிடித்தேன்.

"அக்கா, இந்தக் கேள்விக்கெல்லாம் பதில் தப்பாச் சொன்னா, ஆபீசருங்க வந்து ஒன்னக் கப்பல்ல ஏத்திடுவாங்க. இந்தியாவுக்கு. தனியா."

அவள் முகம் வெளுத்தது. சிறு பிள்ளையாக அப்பன் ஆத்தாளோடு கப்பலேறி வந்தவள் அவள். கடலில் என்ன கண்டாளோ, அதைப் பற்றி ஒருபோதும் பேசியதில்லை. கப்பல் என்ற சொல்லைக் கேட்டதும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "வாளி, எலுமிச்சை, கொட," என்றாள். மறுபடி சொன்னாள். நிறுத்தவே இல்லை.

பயம் எங்கே போய்த் தங்குகிறது, சொல்லுங்கள்! உப்பு தங்காத மண்டையில், வழி தங்காத மண்டையில், பயம் மட்டும் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

எங்கள் வீடுகளுக்கு நடுவே பலகைச் சுவர்தான். தெருவுக்குக் கேட்டுவிட்டது. அது பிரஜாவுரிமைக்கு எல்லோரும் ஓடிக்கொண்டிருந்த காலம். அதிகாரி கேட்கும் கேள்விக்கு மலாயில் பதில் சொல்ல வேண்டும் என்று, சாயங்காலமானால் கோயில் மண்டபத்தில் கிழவர்களும் கிழவிகளும் சிலேட்டுப் பிள்ளைகளாக உட்கார்ந்து மனப்பாடம் செய்வார்கள். தப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற வதந்தி வேறு. அந்தத் தெருவிலா நான் கப்பல் கதையைச் சொன்னேன்!

மறுநாளே வாசலில் ஆட்கள்.

"டிரஸ்ஸர் ஐயா, பிரஜாவுரிமைக்குக் கேள்வி மாத்திட்டாங்களாமே? ஏதோ வாளி, கொடன்னு கேக்கறாங்களாம்?"

"எங்க அப்பாவுக்கும் சொல்லிக் குடுங்க ஐயா. அவருக்கு நேத்துச் சாப்பிட்டதே ஞாவகம் இல்லலா. அனுப்பிட்டாங்கன்னா அங்க யாரு இருக்கா?"

அந்தக் கணத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். 'இது பிரஜாவுரிமை இல்லை, இது உங்கள் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வரும் திட்டம், அவர் மறந்தால் மறந்ததாகவே இருக்கட்டும்' என்று. ஏன் சொல்லவில்லை? அக்கா மட்டும் தட்டுத் தடுமாறி ஒப்பித்தால் டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் வருமே... எல்லோரும் ஒப்பித்தால்? அப்படித்தான் கணக்குப் போட்டேன். பதிலைச் சொல்லிக் கொடுத்தேன். கும்பிட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்கு ஒரு வீட்டிலிருந்து பலகாரம்கூட வந்தது. தின்றேன்.

கோவிந்த பிள்ளை வீட்டுக்கு மட்டும் அந்தப் பதில்கள் போகவில்லை; சுவர் வழியே கேட்ட தமிழும் அவருக்குப் புரியாது. அவர்களுக்கு எந்தக் கப்பல் பயமும் இல்லை. எத்தனையோ தலைமுறையாக இந்த மண்ணில் இருப்பவர்கள்.

கேள்வி கேட்கும் நாள் வந்தபோது மெர்டேக்கா முடிந்து தோரணங்கள் வாடியிருந்தன. வீடு வீடாகப் போனோம். கிழமை சரி. ஊர் சரி. 'நாட்டை ஆள்வது யார்' என்றால், வெள்ளைக்கார ராணி என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நாட்டில் பாதிப் பேருக்கே அப்போது அந்தப் பதில் தடுமாறும்! ஒரு பெரியவர் கேள்விக்குக்கூடக் காத்திருக்கவில்லை. டாக்டரம்மா செருப்பைக் கழற்றும்போதே "வாளி, எலுமிச்சை, குடை!" என்று எழுந்து நின்று கும்பிட்டார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள். தப்பே இல்லை. ஆனால் கேள்வி முடிந்தும் அவள் கட்டிய கையை அவிழ்க்காமலே நின்றதை நான் பார்த்தேன். டாக்டரம்மாவும் பார்த்தார்.

மீனாட்சியிடம் டாக்டரம்மாவே மலாயில் கேட்டார். அவள் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. டாக்டரம்மாவின் கையைத் தடவிக் கொடுத்து, சாப்பிட்டாயா என்று கேட்டாள். கோவிந்த பிள்ளை பெருமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பகல் வீட்டில் தன் மனைவிக்கு இடம் உறுதி என்று அவருக்கு நிச்சயம்.

தெருமுனையில் நின்று டாக்டரம்மா என்னிடம் கேட்டார். "அடா ஓராங் அஜார் மெரேக்கா?" யாராவது இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்களா?

நேராக என் கண்ணைப் பார்த்துத்தான் கேட்டார். வழியைத் திறந்துவிட்டுக் கேட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

"தாக் அடா, டாக்டர்," என்றேன். இல்லை.

அவ்வளவுதான். அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

பணம் வேறு ஊருக்குப் போனது. காஜா பேராங்கில் அப்படியொரு தேவை இல்லையாம். டாக்டரம்மா மாற்றலாகிப் போனார். கோவிந்த பிள்ளை அந்தக் காலி வீட்டுக்குப் போய்க் கல் உரலைத் தூக்கிக்கொண்டு வந்தார். கொண்டுபோனபோது ஒரே மூச்சில் போனவர், வரும்போது அங்கங்கே இறக்கி வைத்து வைத்து வந்தார். நான் ஜன்னல் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சரோஜாவின் கல்யாணம் நடந்தது. பந்தியில் அக்கா மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்து "நீ யாரும்மா?" என்று கேட்டுவிட்டாள். என் உயிர் போய் வந்தது. அந்த அம்மாள் சிரித்தார். "வயசானா அப்படித்தான்லா. எங்க பெரியப்பா கடைசில வேட்டிகூடக் கட்ட மறந்துட்டாரு," என்று சொல்லி அக்காவின் இலையில் லட்டை எடுத்து வைத்தார். யோசித்துப் பாருங்கள்... இதற்காகவா!

கோவிந்த பிள்ளை வேலைக்குப் போகும்போது மீனாட்சியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்ட ஆரம்பித்தார். வேறு வழி? ஒரு மத்தியானம் அவள் பின்பக்க ஜன்னல் வழியாக இறங்கிப் போய்விட்டாள். ஆற்றில் கிடைத்தாள். நானும் சேர்ந்துதான் தூக்கினேன். ஆஸ்பத்திரிக்காரன் என்பதால் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள்.

காரியமெல்லாம் முடிந்தபின் கோவிந்த பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"தம்பி... கெனாப்பா பினி சாயா சாஜா?"

ஏன் என் மனைவிக்கு மட்டும்? இத்தனை வீடு இருக்கிறதே, இத்தனை வயதானவர்கள் இருக்கிறார்களே, டாக்டரே வந்து பார்த்து எல்லோரும் நன்றாக இருப்பதாகச் சொன்னாரே... என் வீட்டில் மட்டும் ஏன்? வருஷா வருஷம் முன்னோருக்குப் படைக்கும் பார்ச்சுவில் ஏதோ குறை வைத்துவிட்டோமா? எங்கள் மேல் யாருக்குக் கோபம்?

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அப்போது அக்கா அடுப்பு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாள். சொல்லியிருக்கலாம். 'உங்கள் வீட்டில் மட்டும் இல்லை ஐயா, என் வீட்டிலும் உண்டு, எதிர்வீட்டிலும் உண்டு, உங்கள் மேல் யாருக்கும் கோபமில்லை' என்று. அதற்குமேல்கூடச் சொல்ல வேண்டாம். அதைக்கூட நான் சொல்லவில்லை. அவர் தோளில் கை வைத்தேன். ஆறுதலாக! அவர் அந்தக் கேள்வியோடுதான் வாழ்ந்தார். அதோடுதான் போனார்.

அக்கா இன்னும் இருக்கிறாள். பின்கட்டு அறையில் இருக்கிறாள். வெளியே தாழ்ப்பாள். அவளுக்கு இப்போது இடியாப்பம் தெரியாது, சரோஜாவைத் தெரியாது, தன் பெயர் தெரியாது. சோற்றுத் தட்டோடு நான் உள்ளே போனால் மட்டும் திடுக்கிட்டு எழுந்து நிற்பாள். கையைக் கட்டிக்கொள்வாள்.

இன்று காலையிலும் நின்றாள்.

"வாளி. எலுமிச்சை. கொட," என்றாள். பிறகு என் முகத்தைக் கெஞ்சலாகப் பார்த்தாள். "சரியாச் சொல்லிட்டேன், ஆபீசர் ஐயா. என்னக் கப்பல்ல ஏத்திடாதீங்க. இங்க எனக்கு ஒரு தம்பி இருக்கான்."

"சரிதான், உக்காரு," என்றேன்.

அவள் உட்காரவில்லை. நான் தட்டை வைத்துவிட்டு வெளியே வந்து தாழ்ப்பாளைப் போட்டேன்.