உமிக்கரி விற்ற மருமகன்

இப்போது பிள்ளைகள் கைபேசியில் ஊறுகாய் விற்கிறார்கள், தேங்காயெண்ணெய் விற்கிறார்கள், சவர்க்காரமும் விற்கிறார்கள். நடுவில் கடை தேவையில்லையாம். செய்கிறவரும் வாங்குகிறவரும் நேருக்கு நேராம். அதற்கு உத்தி சொல்லிக்கொடுக்க வகுப்புகள்கூட நடக்கின்றன. அப்படி ஒரு வகுப்பின் விளம்பரத்தைத் தேத்தண்ணிக் கடையில் இருந்து வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்து தேத்தண்ணி மூக்கில் ஏறிவிட்டது. பக்கத்தில் இருந்தவர் முதுகில் தட்டி, என்ன விசயம் என்று கேட்டார். இருமல் விடவில்லை. அவருக்குச் சொல்ல முடியாமல் போனதுதான் இது.

நானும் ஒரு காலத்தில் நேருக்கு நேர் விற்றவன். விற்ற பொருள் உமிக்கரி. விற்ற இடம் வாவிக்கு மேற்கே, வட்டை வட்டையாக நெல் விளைகிற படுவான்கரை. கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவனைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். அவன் என்னைக் கண்டிருந்தால், தன் ஊசிப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிமிர்ந்து நடந்திருப்பான்.

சண்டைக் காலம். மட்டக்களப்பு டவுனில் நான் வேலை செய்த பலசரக்குக் கடையைப் பூட்டிவிட்டு முதலாளி குடும்பத்தோடு கொழும்புக்குப் போய்விட்டார். நான் வாவியைக் கடந்து மனைவியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண் வீட்டில்தான் இருப்பான். அதில் ஒரு வெட்கமும் இல்லை. வேலையில்லாமல் இருப்பதில்தான் வெட்கம். அதை மாமி என் முகத்துக்குச் சொல்லமாட்டார். கோழிக்குச் சொல்வார், ஆட்டுக்குச் சொல்வார், சில நேரம் உலைப்பானைக்கும் சொல்வார். கிணற்றடியில் ஒரு தவளை இருந்தது. "தண்ணியும் அள்ளாது, இடத்தையும் விடாது" என்று அதற்குச் சொன்ன அன்று நான் குளித்துக்கொண்டு நின்றேன்.

என்னைக் கட்டாருக்கு அனுப்புவதென்று மாமி தீர்மானித்திருந்தார். வெள்ளாமை வெட்டி முடிய ஏஜென்சிக்காரர் வருவார், பாஸ்போர்ட் படம் எடுத்து வைக்க வேண்டும். படமும் எடுத்தாயிற்று. முன்பு சைக்கிளிலிருந்து விழுந்ததில் என் முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. வாயை மூடச் சொல்லித்தான் எடுத்தார்கள். எனக்குப் போக மனமில்லை. எங்கள் மகள் அப்போதுதான் குப்புறப் புரளத் தொடங்கியிருந்தாள். போய் வருவதற்குள் நடந்துவிடுவாள், பேசிவிடுவாள், வாசலில் வந்து நிற்கிற என்னைப் பார்த்து மாமா என்பாள். மனைவி படத்தை எடுத்துச் சீலைப்பெட்டியின் அடியில் வைத்தாள். கடைசியில் மாமியே ஒரு வழி விட்டார்.

"வெள்ளாமை வெட்டுறதுக்குள்ள உங்கட கையால ஒரு தொழில் நிண்டா நீங்களும் நில்லுங்க மருமகன். இல்லாட்டி பிளேன் ஏறுங்க."

அந்த நாளில் எங்கள் கரைக்குச் சாமான் வருவது கஷ்டம். பற்றரி வராது, சவர்க்காரம் வந்தால் வரும், பற்பசை வந்தாலும் கடைக்காரர் வேண்டியவர்களுக்கு என்று ஒளித்துவிடுவார். சனம் பழையபடி உமிக்கரிக்கும் வேப்பங்குச்சிக்கும் திரும்பியிருந்தது. திரும்பியதோடு நிற்காமல், காலையில் கிணற்றடி கிணற்றடியாக அதைக் குறை சொல்லிக்கொண்டும் இருந்தது. கரகரக்குது, மணமில்லை, நாக்கில் ஒட்டுது. கடையில் நின்று பழகிய காதுக்கு அந்தக் குறையெல்லாம் சாமான் ஓடர் மாதிரிக் கேட்டது. உமிக்கரியை நன்றாக அரித்து, உப்பும் கடுக்காயும் கராம்பும் இடித்துச் சேர்த்து, மணக்க மணக்க வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன? கடைக்காரரின் தயவு வேண்டாம். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

மனைவி இடித்தாள், நான் அரித்தேன். பொடி உண்மையிலேயே நல்ல பொடி. அதில் மட்டும் நான் பிழை சொல்லமாட்டேன். மற்றதெல்லாம் என் மூளை. பெயர் 'முத்துச்சிரிப்பு'. படிக்காதவரும் அடையாளம் காண ஒரு முத்திரை வேண்டும் என்று, பூவரசங்கட்டையில் ஒரு பெண்ணின் சிரித்த முகத்தை நானே செதுக்கினேன். சிரிப்பு தெரிய வேண்டுமே என்று பல்லைக் கொஞ்சம் தாராளமாக வைத்தேன். மை தொட்டுக் கடதாசியில் குத்திப் பார்த்தபோது கண் இரண்டும் பிதுங்கி, பல் நாடி வரைக்கும் வந்திருந்தது. வாழைச்சேனை ஆலையின் பழுப்புக் கடதாசி அதை இன்னும் கறுப்பாக்கிக் காட்டியது. மனைவி நெடுநேரம் பார்த்தாள்.

"இவ சிரிக்கிறாவா, ஆரையும் கடிக்கப் போறாவா?" என்று கேட்டாள்.

பழகினால் சரியாகிவிடும் என்றேன். பொட்டலத்தைக் கட்டச் சிவப்பு நூல். சிவப்பு தூரத்திலும் கண்ணைப் பிடிக்கும் என்று கடையில் படித்த பாடம்.

இனி விற்க வேண்டும். எனக்கு வாய் உண்டு. டவுனில் நனைந்த நெருப்புப்பெட்டியைக்கூட, ஆபத்தில்லாத நெருப்புப்பெட்டி என்று சொல்லித் தள்ளியவன். ஆனால், வீட்டுக்குப் பின்னால் மலை மாதிரி உமி குவித்து வைத்திருக்கிறவரிடம் போய், "அண்ணே, உமிக்கரி இரிக்கி வாங்குங்க" என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. வெட்கத்துக்கு உத்தி என்று பெயர் வைத்தேன். சனம் பல் தீட்டுகிற நேரம் விடியல். ஆகவே விடியுமுன் ஒவ்வொரு வளவு வாசலின் கடப்படியிலும் ஒரு பொட்டலம் இலவசமாக இருக்க வேண்டும். கிணற்றடிக்குப் போகிறவர் எடுப்பார், தீட்டுவார், அதிசயிப்பார், இது யாருடையது என்று தேடுவார். தேடுகிற நேரத்தில் நான் போய்ச் சிரித்துக்கொண்டு நிற்பேன். நேரடி விற்பனைதான், ஆள்தான் நேரில் போகவில்லை. மாமிக்கும் சொல்லவில்லை. வெற்றி வந்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன்.

ஊரடங்கு எடுபட்ட கையோடு எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கெல்லாம் வைத்துவிட்டு வந்து, பாயில் படுத்து, வாசலில் சனம் வரிசையாய் நிற்பதாகக் கற்பனை செய்தேன்.

சனம் வரத்தான் வந்தது. ஒழுங்கை முனையில் அம்மன் கோயிலுக்கு முன்னால் கூடி நின்றது. சத்தம் கேட்டு மாமியும் போனார், நானும் போனேன். அந்த நாளில் கடப்படியில் ஒரு பொதி கிடந்தால் அதற்கு இரண்டே அர்த்தம். வெடிக்கிற சாமான், அல்லது செய்வினை. இது வெடிக்கிற அளவில்லை. பிரித்துப் பார்த்தால் உள்ளே கரி, வெளியே சிவப்பு நூல், கடதாசியில் பல்லைக் காட்டுகிற ஒரு பேய். மந்திரத்துக்குப் பேர்போனவர்கள் நாங்கள். வந்த விருந்தாளியைப் பாயோடு ஒட்டவைப்போம் என்று வெளியூரார் பகிடி பண்ணுகிற சனம். கைதேர்ந்த ஒரு மந்திரவாதியை மேற்பார்வைக்கு வைத்துச் செய்திருந்தாலும் இவ்வளவு திறமாக வந்திராது. கோயிலில் பூசை செய்கிற கட்டாடியார் தடியால் பொட்டலங்களைத் தட்டி ஒரு சட்டிக்குள் சேர்த்துக்கொண்டிருந்தார். கற்பூரம் எரிந்தது. ஒருவருக்கு விடிய எழும்பியதிலிருந்து இடுப்பு வலி. இன்னொருவரின் மாடு பால் தரவில்லை. எல்லாவற்றுக்கும் என் முத்துச்சிரிப்புத்தான் காரணம்.

நான் மெதுவாக வந்த வழியே கிறுகலாம் என்று காலை எடுத்தேன். அப்போதுதான் பக்கத்து வளவுக்காரி வாயைத் திறந்தார். மாமிக்கும் அவருக்கும் வேலியால் புகுந்த மாட்டைப் பற்றி நீண்டநாள் வழக்கு ஒன்று இருந்தது.

"எல்லாற்ற கடப்படியிலயும் இரிந்திச்சு. உங்கட கடப்படியில மட்டும் ஏன் கா இல்ல?"

சனம் மாமியைப் பார்த்துத் திரும்பியது. அந்தத் திரும்பலை என்னால் இன்றைக்கும் மறக்க முடியாது. பகிடி நின்றுவிட்டது. எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்குச் சூனியக்காரி என்று பெயர் விழுந்தால், அவள் செத்தாலும் பெயர் சாகாது. மாமி வாயடைத்து நின்று நான் கண்டதில்லை, அன்றைக்குக் கண்டேன். எனக்கு வேறு வழியில்லை. கூட்டத்துக்குள் புகுந்து, அது செய்வினை இல்லை, பல்லுப்பொடி, நான்தான் வைத்தேன் என்றேன். ஒருவரும் நம்பவில்லை. மாமியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேனாம். பக்கத்து வளவுக்காரி, மாமியும் மருமகனும் கூட்டு என்றார். அதோடு மாமிக்கு வாய் திரும்பி வந்தது.

"பறையாம இரி கா. எண்ட மருமகனுக்குச் சூனியம் செய்யிற அளவுக்குப் புத்தி இரிந்தா நான் ஏன் அவரக் கட்டாருக்கு அனுப்பப் போறன்?"

என் ஆயுளில் எனக்குக் கிடைத்த நற்சாட்சிப் பத்திரம் அது ஒன்றுதான். கூட்டத்தில் பாதி அதிலேயே நம்பிவிட்டது. மற்றப் பாதிக்குக் கண்ணால் காண வேண்டும் என்றார் கட்டாடியார். சட்டிக்குள் கைவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தேன். நூலை அவிழ்த்தேன். விரலால் தொட்டு, எல்லோருக்கும் முன்னால் பல் தீட்டத் தொடங்கினேன். தாய்மார் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தினார்கள். நான் விழவில்லை. இரத்தம் கக்கவில்லை. நம்பிக்கை வரட்டும் என்று நன்றாக அகலச் சிரித்தேன். அது பெரிய பிழை. வாய் முழுக்கக் கரி, நடுவில் பாதிப் பல்; கடதாசியில் இருந்த பேய் உயிரோடு எழும்பி வந்த மாதிரி இருந்திருக்க வேண்டும். ஒரு பிள்ளை வீரிட்டு அழுதது. வாய் கொப்புளிக்கத் தண்ணீர் கேட்டேன். ஒருவரும் தங்கள் கிணற்றடிக்கு விடவில்லை; எங்கள் கிணற்றடிக்கும் போக விடவில்லை. பொழுது சாயும் மட்டும் உயிரோடு இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுத் தருவார்களாம். கறுத்த வாயோடு ஒழுங்கை முழுவதும் நடந்து போய் வாவியில் கொப்புளித்தேன். உப்புத் தண்ணீர். பொடியிலும் உப்பு. ஒரு மீன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

பொழுது சாய்ந்தது, நான் இருந்தேன். ஆனால் தொழில் செத்துவிட்டது. மாமி என்னை ஏசவில்லை. தவளையோடும் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வட்டையில் கதிர் பழுத்துத் தலை சாய்ந்துகொண்டிருந்தது; அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பிளேன் தெரிந்தது. இரவில் மகளை நெஞ்சில் போட்டுக்கொண்டு, அப்பா என்று சொல்லச் சொல்லிக் கொடுத்தேன். அந்த வயதில் எந்தப் பிள்ளைதான் சொல்லும்? துப்பினாள்.

அப்படி இருக்கையில் ஒருநாள் காலை வேலிக்கு மேலால் ஒரு தலை தெரிந்தது. பக்கத்து வளவுக்காரிதான். கன்னத்தில் கை. ஒழுங்கையில் யாரும் வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"மகன், அந்தச் சூனியத்தில இன்னும் கொஞ்சம் இரிக்கா?"

கட்டாடியார் எல்லாவற்றையும் வாவியில் கொட்டிவிட்டார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். இவர் தன்னுடையதைக் கொடுக்கவில்லையாம். கராம்பு மணத்ததாம், சிரட்டையால் மூடி வைத்திருந்தாராம். கடைவாய்ப் பல் வலி தாங்காமல், எப்படியும் நான் செத்துப்போகவில்லைத்தானே என்று, எடுத்துத் தீட்டியிருக்கிறார். வலி தணிந்துவிட்டது. கராம்பு என்றேன் நான். கட்டாடியார் கழிப்புக் கழித்த பலன் என்றார் அவர். மாமி உள்ளேயிருந்து வந்தார். அவரை வேலியடியில் வேண்டுமட்டும் நிற்கவைத்து, சூனியக்காரி வீட்டில் வாங்கிற சாமான் வயிற்றுக்கு ஒத்துவருமா என்றெல்லாம் கேட்டுத் தன் வழக்கைத் தீர்த்துக்கொண்டார். பிறகு பொடியும் கொடுத்தார், வெற்றிலையும் கொடுத்தார்.

அன்றிலிருந்து கடை மாமியுடையது. செத்த வீடு, சாமத்திய வீடு, கோயில் சடங்கு, ஆஸ்பத்திரி வரிசை, எங்கே போனாலும் மடியில் பொட்டலம். விற்கிற மாதிரியே இருக்காது. நடந்த கதையைச் சொல்வார். என் கறுத்த சிரிப்பை நடித்துக் காட்டுவார். பிள்ளை அழுததையும் அழுது காட்டுவார். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். சிரித்து முடிய, எங்கே காட்டுங்க பாப்பம் என்று கையை நீட்டும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். நான் அந்த வாய்க்குப் பயந்து விடியுமுன் ஒளித்துத் திரிந்தேன். மாமி அதே வாயில் சாமானை ஏற்றி அனுப்பினார். உன்னிச்சையிலிருந்தும் கரடியனாற்றிலிருந்தும் ஆள் விட்டுக் கேட்டார்கள். கேட்டது முத்துச்சிரிப்பு இல்லை, சூனியப்பொடி.

எனக்கு மானம் பொறுக்கவில்லை. முத்திரையைத் திருத்திச் செதுக்குகிறேன், பெயரைச் சொல்லிக் கொடுங்கள் என்று மாமியோடு மல்லுக்கு நின்றேன்.

"பேர் வைக்கிறது தாய் தகப்பன் மருமகன், கூப்பிடுறது ஊர்," என்றார். முத்திரையிலும் கை வைக்கக் கூடாதாம். அந்தப் பல்லைப் பார்த்துத்தான் சனம் கேட்கிறதாம்.

டவுனுக்குக் கொண்டுபோகத் துறையைக் கடக்க வேண்டும். அங்கே ஆமிக்காரர் பையைச் சோதிக்கிற சென்றி. வெடிமருந்து மாதிரிக் கறுப்புப் பொடியோடு சென்றியில் நிற்பது என்னவென்று அந்தக் காலத்தவருக்குச் சொல்லத் தேவையில்லை. முதல்நாள் பையைத் திறந்து, என்ன இது என்று கேட்டார்கள். எனக்குப் பாஷை தெரியாது. செய்யத் தெரிந்த ஒன்றைச் செய்தேன்: விரலால் தொட்டுப் பல் தீட்டினேன். ஒருவன் சிரித்தான். பிறகு போகும்போதெல்லாம் தீட்டினேன். ஆள் மாறினால் முதலிலிருந்து தீட்டினேன். வரிசையில் நின்ற சனம் வேறு பார்க்க ஒன்றுமில்லாமல் என்னைப் பார்த்தது. துறையின் அந்தப் பக்கம் இறங்கும்போது பாதிப் பொடி அங்கேயே விற்றுப்போய்விடும். இதற்கும் ஏதாவது உத்திப் பெயர் இப்போது இருக்கும்.

வெள்ளாமை வெட்டி முடிந்தது. ஏஜென்சிக்காரர் டவுனிலிருந்து மோட்டார்சைக்கிளில் வந்தார். மாமி கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். நான் அரிதட்டோடு கோடிப்புறத்தில் நின்றேன். வா என்றாலும் போ என்றாலும் கேட்கிற தூரம். மகள் முற்றத்தில் தவழ்ந்துகொண்டிருந்தாள். படம் எங்கே என்று அவர் கேட்டார். மனைவி உள்ளே போகவில்லை; தாயின் முகத்தைப் பார்த்தாள்.

"அவருக்கு இஞ்ச கைநிறைய வேல இரிக்கி தம்பி. மறுகா பாப்பம்," என்றார் மாமி.

அரிதட்டு என் கையில் தன்பாட்டில் ஆடத் தொடங்கியது. வந்த மனிதரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று மாமி ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். சிவப்பு நூலையும் பல்லையும் கண்டதும் அவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். கதை டவுன் வரைக்கும் போயிருந்தது. வேண்டாம் என்று சொல்லவும் பயம், கையால் வாங்கவும் பயம். கடைசியில் சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து, உள்ளங்கையில் விரித்து, அதன்மேல் வைக்கச் சொன்னார். மோட்டார்சைக்கிள் ஒழுங்கை முனை திரும்பும் மட்டும் அந்தக் கையை உடம்பில் படாமல் தள்ளியே பிடித்திருந்தார்.

அடுத்த மாதம் ஆள் விட்டு இன்னொன்று கேட்டிருந்தார்.