மாடியில் அடுப்பு உண்டா?

சொத்து வரி மதிப்பீடு என்பது, தாம் கட்டியதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லி முடித்தவர்கள், நகராட்சியிலிருந்து அளக்கப் போகும் எங்களிடம் மட்டும் எதையுமே கட்டவில்லை என்று சாதிக்கின்ற தொழில். மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மாடி எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாடி எழும்பினால் வரி எழும்பும். வரி எழும்பினால் குரல் எழும்பும். அந்தக் குரலை வீட்டுக்குள்ளிருந்து எழுப்பிய நீங்களும், வாசலில் நின்று கேட்ட நானும், ஒருவர் பட்ட பாட்டை மற்றவர் அறிவோம். ராஜபாளையத்தில் ஒரே ஒரு வீட்டை அளக்கப் போய் நான் பட்டதை மட்டும் இங்கே சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

மாம்பழக் கிடங்கு

வேலுச்சாமி ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மலையடிவாரத்தில் சிறிய மாந்தோப்பு உண்டு. மகன் கார்த்திக்கின் திருமணத்தை ஒட்டி, மாடியில் கூடம், படுக்கையறை, சமையலறை, குளியலறை என்று முழுமையாக ஒரு வீட்டையே எடுத்திருந்தார். வெளிப்பக்கம் தனிப் படிக்கட்டும் வைத்திருந்தார். கூடுதல் கட்டடத்துக்கு வரி நிர்ணயம் செய்ய நான் டேப்புடன் போனபோது, அது குடியிருப்பே அல்ல, தோப்பில் பறிக்கும் காய்களைப் போட்டுவைக்கிற இடம் என்றார்.

படுக்கையறையில் இரட்டைக் கட்டில் கிடந்தது. நிலைக்கண்ணாடியின் ஓரத்தில், குளிக்கப் போகுமுன் எடுத்து ஒட்டிய பொட்டுகள் வரிசையாக இருந்தன. மாம்பழங்கள் பொட்டு வைத்துக்கொள்வதில்லை என்று நான் சொல்லவில்லை. வகிக்கும் பொறுப்புக்கு அது பொருந்தாது. சுவரிலிருந்த ஏசியை மட்டும் காட்டி, இது எதற்கு என்று கேட்டேன். அவர் சற்றும் கலங்கவில்லை. "வெக்கையில காய் ஒரே நாள்ல பழுத்துரும்ல மேடம்? அதுக்கும் ஒடம்புதானே!"

தனி வீடு

பார்த்ததைப் பார்த்தபடி எழுதினேன்: கீழும் மேலும் சேர்ந்து ஒரே குடியிருப்பு, ஒரே வரி எண். அடுத்த வாரமே வேலுச்சாமி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். இம்முறை, மாடி முற்றிலும் தனி வீடு என்று நிறுவுவதற்காக. இலவச மின்சாரம் ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனியே கிடைக்கும். மாடிக்கு இன்னோர் இணைப்பு வாங்க வேண்டுமானால், தனி வாசலும் தனிச் சமையலும் தனி வரி ரசீதும் இருக்க வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

நான் பொறுமையாக விளக்கினேன். வரி பரப்பளவுக்குத்தான், எண்ணைப் பிரிப்பதால் சதுர அடி கூடவும் போவதில்லை, குறையவும் போவதில்லை. தனி வாசலை நானே பார்த்தேன். மேலே தனியாகச் சமையல் நடப்பதையும் நேரில் பார்த்துவிட்டால் பிரித்துத் தருவதில் தடையில்லை. ஆனால் போன வாரம் அங்கே மனிதர்களே வசிக்கவில்லை என்றீர்களே? என் அறியாமைக்கு இரங்குபவர்போல அவர் என்னைப் பார்த்தார். "அது வரிக்குச் சொன்னது மேடம். இது கரண்டுக்கு."

சாமி அறை

சமையலைப் பார்வையிட மறுபடியும் போனேன். வேலுச்சாமி தோப்புக்குப் போயிருந்தார். அவர் மனைவி முத்துலட்சுமி என்னை மாடிக்கு அழைத்துச் சென்றார். படியேறும்போதே தம் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். வரி எண் இரண்டு என்றால் அடுப்பு இரண்டு; அடுப்பு இரண்டு என்றால் மகன் தனிக்குடித்தனம் போய்விட்டான் என்று தெருவே பேசும்; ஒற்றைப் பிள்ளையைப் பெற்றவர் அந்தப் பேச்சைக் கேட்கத் தயாராக இல்லை.

சமையலறை மேடையில் அடுப்பைக் காணவில்லை. அது இருந்திருக்க வேண்டிய இடத்தில் முருகனும் மீனாட்சியும் பிள்ளையாரும் சட்டங்களுக்குள் வரிசையாக நின்றார்கள். மேடைக்கு அடியில் கேஸ் சிலிண்டருக்குப் பழைய பட்டுத்துணி போர்த்தியிருந்தது. இது சாமி அறை என்றார். அலமாரியிலிருந்த மல்லித்தூள் டப்பாவையும் நான் கேள்விக்குள்ளாக்கவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியை மட்டும் சுட்டிக்காட்டினேன். முத்துலட்சுமிக்கு என்மீது உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "அபிஷேகத் தண்ணி எங்க போகுமாம்? சாமி கும்பிடுற வீட்டுல பொறந்தவுகதானே நீங்க?"

பேருந்தில் ஒரு மனு

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருக்கிறேன். சில நாள் கழித்து, மாலைப் பேருந்தில் இளம்பெண் ஒருத்தி தேடிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேலுச்சாமியின் மருமகள் அனிதா. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியர். இரவுப் பணிக்குப் போய்க்கொண்டிருந்தாள். மாடியில் அடுப்பு இருந்ததாம். நான் வரப்போகிறேன் என்று தெரிந்ததும் மாமியார் அதைத் தூக்கிக் கீழே தம் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டாராம். "ஒங்களுக்காக எறக்குன அடுப்பு மேடம், பொறவு மேல ஏறவேயில்ல" என்றாள். குற்றவாளியாக என்னை நானே ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

இரவு முழுவதும் நின்று வேலை பார்த்துவிட்டுக் காலையில் திரும்பினால், கீழ் அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்கும். ஒரு டீ போட வேண்டுமென்றாலும் அத்தையிடம் கேட்க வேண்டும். அத்தை தாமே போட்டுத் தருவார், அதில் குறையில்லை. ஆனால் அதைக் குடித்து முடிப்பதற்குள், பொம்பளைப் பிள்ளைக்கு ராத்திரி வேலை எதற்கு என்ற பேச்சையும் சேர்த்து விழுங்க வேண்டும். மாமனாரையும் மாமியாரையும் விட்டுப் போக அவளுக்கு விருப்பமில்லை. இருந்தாலும் முடிவெடுத்துவிட்டாள். அதை இறங்கும்போது என்னிடம் சொன்னாள்: "ரெண்டு வீடுன்னு எழுதினீங்கன்னா நான் அவியகூடவே இருந்துருவேன் மேடம். ஒண்ணுன்னு எழுதினா இங்கன வாடகைக்கு வீடு பாத்து வந்துருவோம்."

கார்த்திக்கின் நிலைப்பாடு

இதற்குள் வேலுச்சாமி தினமும் தொலைபேசியில் அழைக்கத் தொடங்கிவிட்டார். முத்துலட்சுமி ஒரு கூடை மாம்பழம் கொடுத்தனுப்பினார். வந்த வழியே திருப்பி அனுப்பினேன். கூடத்தின் நீள அகலத்தை எழுத வேண்டிய இடத்தில், ஒரு பெண் இந்த வீட்டில் இருப்பதா போவதா என்பதை நான் எழுத வேண்டியிருந்தது. குடும்ப வழக்குகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் தனியாக நீதிமன்றம் இருக்கிறது. அதற்கு வழி மட்டும் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

மீதமிருந்தவன் கார்த்திக். அவனும் ஒருநாள் வந்தான். நெடுநேரம் மேசைமுன் நின்றுவிட்டு, "அம்மா சொல்றதும் சரிதான், அனிதா சொல்றதும் சரிதான், நீங்களே பாத்து எழுதிருங்க மேடம்" என்றான். சொன்ன திருப்தியில் போய்விட்டான். பக்கத்து மேசை ஸ்டெல்லா அதுவரை தலை நிமிராமல் ரசீது எழுதிக்கொண்டிருந்தவர். அவன் படியிறங்கியதும் என்னிடம் சொன்னார்: "பேசாம அந்தத் தம்பி பேருல ஒரு காலிமனை வரி போட்டுவிடுங்க மேடம்."

கடைசிப் பார்வை

இனி வரமாட்டேன், இன்று கண்ணில் படுவதைத்தான் எழுதுவேன் என்று முன்கூட்டியே தெரிவித்துவிட்டுப் போனேன். நால்வரும் மாடியில் இருந்தார்கள். மேலே அடுப்பு உண்டா என்று கேட்டேன். "உண்டு" என்றார் வேலுச்சாமி. "இல்ல" என்றார் முத்துலட்சுமி. இரண்டும் ஒரே நொடியில் வந்தன. மேடையில் சாமி படங்கள்தாம் இருந்தன. நான் பேனாவைத் திறந்தேன்.

அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, உடைகூட மாற்றாமல் நின்ற அனிதா மெதுவாகச் சொன்னாள்: "ஸ்ரீவில்லிபுத்தூர்ல வீடு பாத்தாச்சு அத்தை. அட்வான்ஸ் இன்னும் குடுக்கல. மேடம் எழுதுறதப் பாத்துட்டுக் குடுக்கலாம்னு இருக்கோம்." முத்துலட்சுமி மகனைப் பார்த்தார். அதுவரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த கார்த்திக், தலையை நிமிர்த்தி, "ஆமாம்மா" என்றான். அவன் ஒரு பக்கம் நின்று நான் கேட்ட முதல் வார்த்தை அது.

முத்துலட்சுமி கீழே இறங்கிப் போனார். எதையோ தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது. இடுப்பில் அடுப்பை இடுக்கிக்கொண்டு மூச்சு வாங்கப் படியேறி வந்தார். கைகொடுக்கப் போன கணவரைத் தள்ளிவிட்டார். சாமி படங்களை ஒவ்வொன்றாக எடுத்து மருமகள் கையில் கொடுத்தார்; அவள் வாங்கி அலமாரியில் அடுக்கினாள். பட்டுத்துணியை உருவி, குழாயைச் செருகி, அடுப்பைப் பற்றவைத்து, தீ நீலமாக எரிகிறதா என்று குனிந்து பார்த்தார். நான் எழுதினேன்: தனி வாசல், தனிச் சமையல், இரண்டு குடியிருப்புகள். எழுதி முடிக்கும்வரை அவர் என் அருகிலேயே நின்றார். "ரெண்டுன்னே எழுதிக்கோங்க மேடம். ஆனா கொழம்பு மட்டும் கீழயிருந்துதான் மேல போகும். அதுக்கும் வரி உண்டா?"

சதுர அடிக்கு வரி போடுகின்ற இந்த வேலையில், சதுர அடியைப் பற்றி மட்டும் என்னிடம் இன்றுவரை யாருமே பேசியதில்லை.